பின்இருக்கையில் இருப்பவர்



நமக்குத் தெரிந்த ஒரு பாட்டி, சிவகாசியில் பட்டாசு ஆபீஸில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். விடியற்காலையில் ஆபீஸ் வேனில் நெருக்கியடித்துப் போய்வந்த காலத்தில் ஒருநாள்கூட அவருக்கு வாந்தி வந்ததில்லை. அண்மையில் பேரன் தன் புதிய மின்சாரக் காரில், கண் சிகிச்சைக்காக அவரை மதுரைக்கு அழைத்துப் போனான். திருத்தங்கல் தாண்டியதுமே தலை சுற்றியது. கள்ளிக்குடி அருகே வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. கையிலிருந்த எலுமிச்சம்பழமும் உதவவில்லை. "கண்ணே தெரியாட்டாலும் பரவாயில்லப்பா, இனி நான் வரல" என்று சொல்லிவிட்டார். மறுபரிசோதனை நாளும் கடந்துபோனது. "நல்லாத்தானே ஓட்டுனேன், எனக்கு ஒண்ணும் செய்யலையே!" என்றான் பேரன்.

அவன் சொன்னது பொய்யல்ல. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். சக்கரத்தின் ஓட்டத்தை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும், வண்டியின் வேகம் சட்டென்று குறையும். இதை ஓட்டுபவரின் கால் முன்கூட்டியே அறியும். உடலும் அதற்கேற்ப ஆயத்தமாகிவிடும். பின்னால் இருப்பவருக்கோ எந்த அறிகுறியும் இல்லை. என்ஜின் சத்தம் இல்லை, கியர் மாற்றும் அசைவு இல்லை. வண்டி அசைகிறது என்கிறது உட்காது. முன்இருக்கையின் முதுகையே பார்க்கும் கண், அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது.

தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில், நானூறு பேருடன் வந்த ஏசா, "சேர்ந்தே பயணம் செய்வோம்" என்று தம்பி யாக்கோபை அழைக்கிறார். யாக்கோபு என்ன சொல்கிறார்? பிள்ளைகள் சிறியவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உடன் இருக்கின்றன. ஒருநாள் விரட்டினாலும் தாங்கமாட்டா. நீர் முன்னே செல்லும், நான் இவர்களின் நடைக்கேற்ப மெதுவாக வருகிறேன் என்கிறார். தன்னால் எவ்வளவு விரைவாகப் போக முடியும் என்று அவர் கணக்கிடவில்லை. பின்னால் வருபவர்களால் எவ்வளவு முடியும் என்று பார்த்தார்.

அன்புக்குரியவர்களே, வீட்டிலும் தொழிலிலும், ஏன், பங்குத்தந்தையர் உட்பட பங்கிலும், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் நாமாக இருக்கலாம். மகளின் படிப்பை நிறுத்துகிறோம், வயதான தாயை இந்த மகன் வீட்டிலிருந்து அந்த மகன் வீட்டுக்கு அனுப்புகிறோம். திருப்பம் நமக்கு முன்பே தெரியும், அதனால் நமக்குத் தலை சுற்றுவதில்லை. அவர்களுக்கோ அது திடீரென்று வருகிறது. அவர்கள் முகம் வாடினால், "எனக்கு ஒன்றும் செய்யலையே" என்கிறோம்.

அந்தப் பேரன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டான். காலை எடுத்ததும் வேகம் குறையும் அளவைக் காரிலேயே தணித்து வைத்தான். பாட்டியை முன்இருக்கையில் அமர்த்தி, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொன்னான். "பாட்டி, இப்ப திரும்பப் போறோம்" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினான். பாட்டி மதுரைக்குப் போய்வந்தார்.

இந்த வாரம் நம் வீட்டில் பின்இருக்கையில் இருப்பவரை நோக்கி ஒருமுறை திரும்பி, "இந்த வேகம் உங்களுக்குச் சரியா?" என்று கேட்போம். எம்மாவு வழியில் சோர்ந்து நடந்த சீடர்களோடு சேர்ந்து நடந்த ஆண்டவர், நம் பயணத்திலும் உடன் வருவாராக. ஆமென்.