அருகிலுள்ள கல்லூரியும் பெரிய பெயரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனைப் பேச வல்லார் எனக்குப் பின்னர் வரவிருக்கின்றனர். யான் எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுக் கூடத்துப் பொருள். பன்னிரண்டாம் வகுப்பின் முடிவு வந்த அன்றே நம் காலனி வீடுகளில் அது எழுந்துவிடும். மட்டாஞ்சேரியிலோ எர்ணாகுளத்திலோ பிள்ளையைச் சேர்ப்பதா, கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ கடன்பட்டு அனுப்புவதா என்பதே அக்கேள்வி. கையிலுள்ள பணம் ஒரு பக்கம் இழுக்கிறது. ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் மறுபக்கம் இழுக்கிறது. பிழைப்புத் தேடி வந்த நமக்கு இவ்வச்சம் சற்று மிகுதி. திருவிழாவுக்குச் சொந்த ஊர் செல்லும்போது, பிள்ளை படிக்கும் கல்லூரியின் பெயரும் நாம் கொண்டுசெல்லும் சீர்வரிசையுள் ஒன்றாகிவிட்டது!

அருகில் இருப்பவற்றை முதலில் அறிவோம். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி 1845இல் ஆங்கிலப் பள்ளியாகத் தோன்றி 1875இல் கல்லூரியாயிற்று. ஃபோர்ட் கொச்சியிலிருந்து படகேறினால், இறங்கும் துறையிலிருந்து நடந்தே அங்குச் செல்லலாம். செயின்ட் தெரசாஸ் கல்லூரி 1925இலும், தேவரா சேக்ரட் ஹார்ட் கல்லூரி 1944இலும் எழுந்தன. நீரைக் கடக்கவும் வேண்டாதபடி, மேற்குக் கொச்சியிலேயே கொச்சின் கல்லூரி 1967 முதல் நடந்து வருகிறது.

முளவுகாடு நம் காயலில் உள்ள ஒரு தீவு. அங்கே ஒடுக்கப்பட்ட புலையர் குடியில் 1912இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், கொச்சி அரசின் உதவித்தொகை பெற்று மகாராஜாஸில் வேதியியல் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். 1946இல் அவர் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். அச்சபையில் இருந்த தலித் பெண்மணி அவர் ஒருவரே. அவர் படித்ததும் அருகிலிருந்த கல்லூரியில்தான்.

கட்டணம் ஏன் குறைவு என்று சிலர் ஐயுறுகின்றனர். மலிவான பண்டம் மட்டமாகத்தான் இருக்கும் என்பது சந்தைப் புத்தி. இங்கு அதற்குக் காரணம் வேறு. 1972இல் கேரளத்தில் ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டின்படி, உதவி பெறும் தனியார் கல்லூரி ஆசிரியர்க்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரத் தொடங்கிற்று. மாணவர் கட்டணமும் அரசுக் கல்லூரியை ஒட்டி அமைந்தது. அதாவது, செலவின் பெரும்பகுதியை அரசு கொடுத்துவிடுகிறது. நாம் கட்டுவது எஞ்சிய சிறு பகுதியே. ஆயினும் ஒன்றில் விழிப்பு வேண்டும். ஒரே வாயிலுக்குள் 'எய்டட்' வகுப்பும் உண்டு, 'செல்ஃப் ஃபைனான்சிங்' வகுப்பும் உண்டு. முன்னதன் கட்டணம் வேறு, பின்னதன் கட்டணம் வேறு. விண்ணப்பிக்கும்போதே எந்த வகுப்பு என்று கேட்டறியுங்கள்.

கடன் கணக்கையும் சற்றுப் போட்டுப் பார்ப்போம். நான்கு இலட்சம் ரூபாய். வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். படிப்பு நான்கு ஆண்டு, வேலை தேட ஓராண்டு. முதல் தவணை கட்டும் நாளில் தனி வட்டி மட்டுமே இரண்டு இலட்சம் சேர்ந்திருக்கும். ஆறு இலட்சத்தைத் தலையில் சுமந்து கொண்டு முதல் வேலைக்குப் போகும் பிள்ளை, பிடித்த வேலையைத் தேடுமா, கிடைத்த வேலையைப் பற்றுமா? விடுதிச் செலவை இக்கணக்கில் யான் சேர்க்கவேயில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை. பொறியியல் படிக்க ஆசை. செலவு தாங்காது என்று தந்தை மறுத்தார். மகன் ஒரு வாரம் அடம் பிடித்தும் அவர் இளகவில்லை. கல்லூரி முடிந்து வந்து தோட்ட வேலைக்கும் கைகொடுக்க வேண்டும் என்பதால், அருகிலிருந்த நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்த்தார். பட்டம் பெற்றபின் அதே தந்தை, நிலத்தை விற்றுக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு அனுப்பினார். அங்கு 1980இல் பட்டம் பெற்ற அம்மகன், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக விளங்கிய கே. சிவன். இவற்றை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அத்தந்தையின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. முதற் பட்டத்திற்கு அவர் நிலத்தைத் தொடவில்லை; பிள்ளையின் போக்கு தெளிவான பின்னரே விற்றார். எல்லாப் பிள்ளையும் சிவன் ஆகாது என்பதும் உண்மைதான். கடன்பட்டுப் பெரிய கல்லூரிக்குச் சென்றோரும் எல்லாரும் சிவன் ஆனதில்லை.

பெரிய பெயரால் பயனே இல்லை என்று சொல்லி உங்களை ஏய்க்க மாட்டேன். அமெரிக்காவில் டேல், குரூகர் என்னும் இரு பொருளியலறிஞர் 1976இல் கல்லூரி புகுந்த மாணவர்களைப் பல்லாண்டுக்குப்பின் ஒப்பிட்டு, 2002இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். ஒரே தரமுள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவருள், பெயர்பெற்றதற்குச் சென்றவரும் செல்லாதவரும் ஏறத்தாழ ஒரே அளவு பொருள் ஈட்டினர். ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் பெயர்பெற்ற கல்லூரியால் கூடுதல் பயன் அடைந்திருந்தனர். இது நம்மைப் போன்றோர் உற்று நோக்க வேண்டிய இடம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வழிகாட்ட மாமனும் சிற்றப்பனும் உண்டு. நம் பிள்ளைக்கு அவ்வறிமுகம் இல்லை. பெரிய கல்லூரி அதைத் தருகிறது. ஆகவே அருகிலுள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால், விட்டுப்போகும் அந்த ஒன்றை நாம்தான் ஈடுசெய்தாக வேண்டும்.

இதனைச் செய்யச் சங்கத்தால் முடியும். துறைமுகத்திலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் கணிப்பொறி நிறுவனத்திலும் பணிபுரியும் நம்மவர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். மாதம் ஒரு மாலை அவர்கள் மாணவருடன் அமர்ந்து, எந்த வேலைக்கு எந்தத் தேர்வு, விண்ணப்பம் எழுதுவது எவ்வாறு, நேர்முகத்தில் பேசுவது எவ்வாறு என்று சொன்னால் போதும். மிச்சப்படும் விடுதிப் பணத்தில் ஒரு பகுதியை ஆங்கிலப் பேச்சுக்கும் போட்டித் தேர்வுக்கும் பெற்றோர் ஒதுக்கலாம்.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். பட்டியல் சாதிப் பட்டியல் 1950ஆம் ஆண்டின் ஆணைப்படி மாநிலந்தோறும் தனித்தனி; இடம் பெயர்ந்து வந்தவர்க்குப் பழைய மாநிலத்துத் தகுதி புதிய மாநிலத்தில் தானாகவே தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சான்றிதழை நம்பிக் கட்டணச் சலுகை கிடைக்குமென்று இருந்துவிட்டுக் கடைசி நாளில் தவிக்காதீர்கள். முன்னதாகவே தாலுகா அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளின் பெயரை, உணவுக்கு எழும் முன் செயலாளரிடம் கொடுத்துச் செல்லுமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெண்பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தே கொடுங்கள்.