கோடேறாமல் வாழ்வது

மேடையில் இருக்கும் எங்களைவிட அதிகப் பெருமையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

அந்த வியர்வை எனக்குப் பழக்கம். நாகர்கோவில் நீதிமன்றத்திலும் பத்மநாபபுரம் நீதிமன்றத்திலும் கறுப்பு அங்கிக்குள்ளேயே தலை நரைத்தவன் நான். சுருக்கமாக முடிப்பேன் என்று கல்லூரி முதல்வரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் கொடுத்த வாக்கு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மக்களே, நம்மூர் வழக்கப்படி அப்படியே கூப்பிடுகிறேன். என் பிழைப்பு சிவில் வழக்கு. பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு, நடைபாதை. ஊரில் படிப்பு பெருகினால் வழக்கு குறையும் என்று தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு பயம் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. படித்தவர்கள்தான் நல்ல கட்சிக்காரர்கள். ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டு வருவார்கள். எதிர்த்தரப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்களிடம் பதில் இருக்கும். சமாதானம் என்ற சொல் மட்டும் அவர்கள் காதில் விழாது.

இரண்டு பேர், கூடப்பிறந்தவர்கள், இருவருமே அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு தென்னந்தோப்புக்கு நடுவே போகும் பாதை யாருக்கு என்று வழக்கு. முன்சீப் கோர்ட், அப்பீல், மதுரை ஹைகோர்ட் என்று போயிற்று. செலவழித்த பணத்துக்கு அதே பாதையைப் போல நாலு பாதை வாங்கியிருக்கலாம். "விட்டுக் கொடுத்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று மூத்தவரிடம் கேட்டேன். "நஷ்டம் ஒண்ணும் இல்ல சார். ஆனா அவன் ஜெயிச்சிருவானே" என்றார். மனித சுபாவத்தைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இந்த ஒரு பதிலுக்குள் அதெல்லாம் அடங்கிவிடுகிறது.

இந்த வியாதி நாஞ்சில் நாட்டுக்குப் புதியதல்ல. தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைத்தான் எழுதினார். அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' 1917, 18-ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' பத்திரிகையில் வந்தது. அதில் ஒரு பகுதிக்குப் பெயரே 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. கோர்ட்டுக்குப் போய்க் குடும்பம் அழிந்த கதை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்களில் பலருக்கு அந்த மருமக்கள்வழி முறை பாட்டிமார் பேச்சில் மட்டுமே தெரிந்திருக்கும். குடும்பத் தலைவரான காரணவர் இறந்தால் சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரி மக்களுக்குப் போகும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. உறவை முறிப்பதற்கு ஒழிமுறி என்று ஒரு சீட்டு. இதில் அநியாயம் இருப்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஏன் அவ்வளவு காலம் நீடித்தது? நான் யோசித்துப் பார்த்த வரையில் காரணம் இது. அப்பா இறந்த வீட்டில் மகனாக நின்று அழுகிறவன்தான் தாய்மாமனான அம்மாவன் இறந்த வீட்டில் மருமகனாகச் சாவி வாங்குகிறவன். அங்கே அவனுக்கு இந்த முறை அநியாயம், இங்கே குலதர்மம். ஒரே மனிதன், ஒரே மனசாட்சி. வாசல் மாறியதும் நியாயமும் மாறிவிட்டது. நம்முடைய கொள்கைகள் பலவும் எந்த வாசலில் நின்று பேசப்படுகின்றன என்று பார்த்தால் சிரிப்பு வரும். அரசியல்வாதிகளைப் பார்த்து மட்டும் சிரிக்காதீர்கள்.

கவிமணி சிரிக்கத்தான் வைத்தார். காரணவர் ஒருவரின் ஐந்தாவது மனைவியைப் பேசவிட்டு, அவள் படும் பாட்டை அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். பள்ளிக்கூட வாத்தியார் அவர். பிரம்பை எடுத்தால் பையன் இன்னும் முறைப்பான் என்பது தெரிந்தவர். மனிதனைத் திட்டினால் அவன் தன் தப்புக்குக் காவல் நிற்பான். சிரிக்க வைத்தால் அந்தச் சிரிப்போடு சேர்ந்து தானும் மெல்ல நழுவி வெளியே வந்துவிடுவான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கேலி செய்தது தன் சொந்தச் சமூகத்தை. அடுத்தவர் சாதியையும் மதத்தையும் கேலி செய்து மீம் போடுகிறவர்களுக்குக் கவிமணியைத் துணைக்கு இழுக்க உரிமை இல்லை. திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கான சட்டம் 1926-ல் வந்தது, மருமக்கள்வழி போயிற்று. கோடேறுவது மட்டும் போகவில்லை. அதில் நானும் சாப்பிட்டேன்.

கோடேறாமல் வாழும் விவேகம் என்றால் எல்லோரிடமும் குழைவது என்று நினைத்துவிடாதீர்கள். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. காதலர்களும் பள்ளிச் சுற்றுலாக்களும் போகிற இடம். அதற்குள் ஒரு கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. டச்சுக் கம்பெனியின் அதிகாரி டிலனாய் அங்கே கிடக்கிறார். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர். தலையை வெட்டியிருந்தால் ஊர் கைதட்டியிருக்கும். மன்னர் என்ன செய்தார்? தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். தோற்றவன் வலிய கப்பித்தான், அதாவது பெரிய படைத்தலைவன், ஆனான். 1777-ல் சாகும்வரை, 35 வருஷத்துக்கு மேல், இந்த நாட்டுக்கே உழைத்தான். அதே மார்த்தாண்ட வர்மா தன்னை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரை வேரோடு அழித்தவர். அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்த வரவில்லை. மன்னர் இளகிய மனதுக்காரர் அல்ல என்று காட்டத்தான் சொல்கிறேன். டிலனாயை உயிரோடு வைத்தது இரக்கத்தால் அல்ல, கோபத்தை ஒரு ராத்திரி ஒத்திப்போட்டு, இவனால் என்ன பயன் என்று கணக்குப் பார்த்ததால். உங்களுக்கு எதிராகப் பேசுகிற மேலதிகாரியையோ சக ஊழியரையோ பார்க்கும்போது அந்தக் கல்லறை ஞாபகம் வரட்டும்.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் போயிருப்பீர்கள். முகூர்த்த நாளில் பிச்சிப்பூ தங்கம் விலை பேசும். அதே பூவை வெயில் ஏறியதும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வியாபாரி டீ குடிக்கப் போய்விடுவார். காலையில் என்ன விலை போயிற்று என்று வீம்பு பிடித்துக் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார். வழக்கையும் அப்படி விடத் தெரிந்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

சில காரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கி தருவதைவிடப் பல மடங்கு வட்டி தருகிறேன் என்கிற சீட்டுக்காரர் உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் 2017-ல் சீட்டு நிறுவனம் ஒன்று கதவைப் பூட்டியபோது தெருவில் நின்றவர்களில் கணக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஜாமீன் கையெழுத்துப் போடும்போது, அந்தக் கடன் உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு போடுங்கள், ஏனென்றால் சட்டமும் அப்படித்தான் நினைக்கிறது. கல்யாணத்தில் இத்தனை பவுன் என்று பேச்சு எடுக்கிறவர்களிடம், வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் கேட்பதும் 1961 முதல் குற்றம் என்று சொல்லுங்கள். பையன்களே, அந்தப் பேச்சை உங்கள் வீட்டில் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். இந்த மாவட்டத்தில் அது இல்லாத வீட்டைக் காட்டினால் நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். லோக் அதாலத் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இரு தரப்பும் பேசி முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பி வரும். அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. அப்பீல் இல்லாதது அதன் குறை என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். அதுதான் அதன் சிறப்பு.

பட்டத்தைக் கையில் வாங்கியதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பீர்கள், வையுங்கள். அதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் பெரியப்பாவோ அத்தையோ யாரோ ஒருவரோடு பேச்சுவார்த்தை நின்று போயிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கு ஆராய வேண்டாம். சாயங்காலத்துக்குள் அவர்களுக்குப் போன் போட்டு, "நான் பாஸ் பண்ணிட்டேன்" என்று சொல்லுங்கள்.