சாரலும் சால்னாவும்



மலையடிவாரத்து ஊர்களில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் உள்ளூர்க்காரர்தான். ஆனால் உலையில் என்ன வேக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் வழிப்போக்கர். செங்கோட்டையில் கொஞ்ச நாள் தங்கிச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள கடைகளையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மதியச் சாப்பாடு முடித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால் நல்லது. வெறும் வயிற்றோடு கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

செங்கோட்டை, தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரம். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் என்று சொல்கிறோமே, அதுதான். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும்போது அதன் காற்றும் சாரலும் இந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். லாரிகளும் அதே வழிதான். புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் கடந்தால் கேரளம். 1904-ல் இந்த மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் விட்டார்கள். மீட்டர் கேஜ் பாதையாக இருந்ததை அகலமாக்கி 2018-ல் மறுபடியும் முழுதாகத் திறந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்த ஊர். மொழிவழி மாநிலம் பிரித்தபோதுதான் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. அதனால் இந்த ஊர் நாக்குக்கு இரண்டு பக்கத்துப் பழக்கமும் உண்டு. தேங்காய் எண்ணெய் வாசம் வந்தால் முகம் சுளிக்க மாட்டார்கள். சில டீக்கடைகளில் காலையில் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்திலேயே புட்டுக்குழலும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். கடலைக் கறி ஊற்றிப் புட்டு சாப்பிடுகிறவருக்கு எதிரிலேயே ஒருவர் தோசையில் மிளகாய்ப் பொடி வைத்துக் குழி வெட்டி எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே தினத்தந்தியைத்தான் பங்கு போட்டுப் படிப்பார்கள்.

காலையில் சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து சேரும். இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் பக்கத்துக் குற்றாலத்து அருவி ஞாபகம், மீதிப் பேருக்குக் காப்பி ஞாபகம். நான் இரண்டாவது கட்சி. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடக்கிற வழியில், பெயர்ப்பலகை மங்கிப்போன சின்னச் சைவக் கடைகள் சில உண்டு. இட்லி, பூரி, உளுந்த வடை, இவ்வளவுதான் பட்டியல். சாம்பாரைவிடத் தேங்காய்ச் சட்னிதான் அங்கே கெட்டி. கருப்பட்டிக் காப்பி வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஒன்பது மணிக்கு மேல் போனால் இட்லி தீர்ந்திருக்கும். கடைக்காரர் அதற்காக வருத்தப்படவும் மாட்டார். மாவு எவ்வளவோ அவ்வளவு வியாபாரம் என்று இருக்கிற மனிதர்கள் அவர்கள்.

சரி, புரோட்டாவுக்கு வருவோம். அது வரும் வரை நீங்கள் விட மாட்டீர்கள்.

செங்கோட்டையை ஒட்டி இருக்கிறது பிரானூர். சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் எல்லை இங்கேதான் இருந்தது. எல்லை 1956-லேயே மலைக்கு மேலே போய்விட்டது. ‘பார்டர்’ என்ற பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பிரானூரில் மர அறுவை மில்கள் அதிகம். தடி ஏற்றுகிறவர்கள், அறுக்கிறவர்கள், இரவும் பகலும் மலை ஏறி இறங்குகிற லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள். சுரண்டை, பாவூர்சத்திரம் சந்தைகளிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிறவர்களும் இந்த வழிதான். இவர்களுக்கெல்லாம் சட்டென்று கிடைக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும், வயிற்றில் நிற்க வேண்டும். பார்டர் புரோட்டாவுக்கு அஸ்திவாரம் போட்டது இந்தப் பசிதான். இன்று காரில் வந்து இறங்கி, கடை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற நாமெல்லாம் பிற்பாடு சேர்ந்துகொண்டவர்கள்.

அங்கே பெயர் பெற்றது ரஹ்மத் கடை. உள்ளே போய் உட்காருவதற்கு முன்னால், புரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிசைந்த மைதா மாவை ஈரத்துணி போட்டு மூடி ஊற வைத்திருப்பார்கள். அதைக் கிள்ளி உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மாஸ்டர் ஓர் உருண்டையை எடுத்து மேஜையில் தட்டுவார், ஓரத்தைப் பிடித்து வீசுவார். இரண்டாவது வீச்சிலோ மூன்றாவது வீச்சிலோ மாவு மெலிந்து, மேஜையில் இருக்கிற கறையெல்லாம் அதன் வழியே தெரியும். பிறகு சேலைக் கொசுவம் மடிக்கிற மாதிரி விரலால் மடித்துச் சேர்த்து, நீளமாக இழுத்துச் சுருட்டி வைத்துவிடுவார். அந்தச் சுருளும் கொஞ்சம் ஓய்வெடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கல்லில் போட்டால் அடுக்கு விடாது.

கல்லில் இருபுறமும் சிவந்த பிறகு ஒரு வேலை பாக்கி. நாலைந்தை ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார்கள். பட் பட் என்று தெருமுனை வரை கேட்கும். அந்தத் தட்டில்தான் அடுக்குகள் பிரிந்து பூவாக விரியும். சூடு கை தாங்காது. மாஸ்டரின் உள்ளங்கையைப் பார்த்தால் அவர் எத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்று கேட்கத் தேவையில்லை.

இங்கே புரோட்டா அளவில் சின்னது. மதுரைப் பக்கத்துப் புரோட்டாவைப் பார்த்துப் பழகினவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். பிறகு இலையில் எண்ணிக்கையே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். வாழையிலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னாவை ஊற்றி ஊற விட வேண்டும். தொட்டுச் சாப்பிடுகிற சமாசாரம் இல்லை இது. பக்கத்தில் நாட்டுக்கோழி, இல்லாவிட்டால் காடை. நாட்டுக்கோழி என்றால் பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும், எலும்பில் ருசி இருக்கும். மிளகுக் காரம் நாக்கில் சுள்ளென்று ஏறாது, தொண்டைக்குப் போன பிறகுதான் தெரியும். வெளியே சாரல் அடிக்கிற நாளாக இருந்தால் அந்தக் காரத்துக்கு மதிப்பே வேறு. மைதாவைப் பற்றி எச்சரிக்கிற டாக்டர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒரு நிமிஷத்தை மட்டும் மன்னித்துவிடுங்கள். நீங்கள் சொல்வது சரிதான். நாங்களும் தினமும் சாப்பிடவில்லை.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் ‘பார்டர்’ என்று பலகை மாட்டிய கடைகளைப் பார்க்கிறோம். எந்த எல்லையும் இல்லாத நடுத்தெருவில்கூட பார்டர் கடை இருக்கிறது. நெடுஞ்சாலையில் அப்படி ஒரு கடையில் சாப்பிட்டேன். சால்னாவில் தேங்காயும் முந்திரியும் அரைத்து விட்டு, திருமண வீட்டுக் குருமாவாக ஆக்கி வைத்திருந்தார்கள். ஏசி இருந்தது, மெத்தை வைத்த நாற்காலி இருந்தது, கல்லில் தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை. பலகையைக் கொண்டுபோகலாம். பிரானூர்ப் பசியை எப்படிக் கொண்டுபோவது?

பசி என்றால் குற்றாலத்துப் பசியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஆனி ஆடிச் சாரலில், மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார்கள். முன்பெல்லாம் குளிப்பதற்கு முன்னால் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துவிட ஆட்கள் இருந்தார்கள். அருவியின் அடியில் போய் நின்றால், தலையில் தண்ணீர் விழுவது யாரோ மத்தளம் வாசிப்பதாகத் தோன்றும். குளிர்ந்த நீரில் நிற்கிற நேரமெல்லாம் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றப் பாடுபடுகிறது. வெளியே வந்ததும் அதற்குக் கூலி கேட்கும். அந்த நேரத்தில் மிளகாய் பஜ்ஜி கிடைத்தாலும் அமிர்தம்தான்.

அருவிக்கரைக் கடைகளைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சீசனுக்கென்று போடுகிற கடைகள் அவை. மூன்று மாதத்துக்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ருசி இல்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. அங்கே எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்ததை மட்டும் வாங்க வேண்டும்: பஜ்ஜி, வடை, தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ். அதையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குற்றாலத்துக் குரங்குகளுக்குப் பஜ்ஜியின் நிறம் தூரத்திலேயே தெரியும்.

பழக்கடைகள் வேறு கதை. மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் சென்னை சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பெட்டிக்குள் வருவதற்கு ரொம்பக் காலம் முன்பே குற்றாலத்துச் சாலையோரத்தில் கூடையில் இருந்தன. மலை மேலே தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணையும் இருக்கிறது. மங்குஸ்தானை வாங்கும்போது ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் நல்லது, கல்லாக இருந்தால் உள்ளே வீணாகிப்போயிருக்கும். டுரியன் பழத்துக்கும் இங்கே ஆள் உண்டு. குழந்தை வரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அந்த வாடையையும் விலையையும் பொறுத்துக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். நம்பிக்கைதான், மருத்துவம் இல்லை.

சீசன் முடிந்தால் ஊர் ஓய்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கார்த்திகை பிறந்ததும் அடுத்த கூட்டம் வரும். மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள். ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று போகிறவர்களுக்குச் செங்கோட்டை ஒரு வாசல். ஆடியில் கோழி கேட்ட அதே சாலை, கார்த்திகையிலும் மார்கழியிலும் வெங்காயம் பூண்டுகூட வேண்டாம் என்று சொல்லும். விடிவதற்கு முன்பே பொங்கலும் இட்லியும் தயாராக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் செங்கோட்டைச் சைவச் சாப்பாட்டை ருசி பார்க்க இதுதான் காலம். இரவு மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, நாலு மணிக்கு இறக்கிய பொங்கலில் மிளகு முழுசாகக் கிடக்கும், நெய் வாசம் வாசலுக்கு வரும். வடகிழக்குப் பருவமழைக் குளிர் வேறு.

மாலை நேரத்துக்கு டீக்கடை. கொல்லம் பக்கத்திலிருந்து வந்த பேருந்து நிற்கும். இறங்கினவர் சாயா கேட்பார், ஏறப்போகிறவர் டீ கேட்பார், ஒரே பாய்லரிலிருந்து இரண்டும் வரும். பால் வேண்டாம் என்பவருக்குக் கட்டன். கண்ணாடி அலமாரிக்குள் நேந்திரம்பழ பஜ்ஜி, சுசியம், பருப்பு வடை. நன்றாகப் பழுத்து, தோல் கறுக்கத் தொடங்கிய நேந்திரம்பழத்தில் போட்ட பஜ்ஜிதான் பஜ்ஜி. காய்வெட்டாக இருந்தால் வாயில் மாவுதான் நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது டி.கே.சி.யைச் சொல்லாமல் விட்டால் அந்த வட்டாரத்துக்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். 1954-ல் காலமானார். ராஜாஜி, கல்கி போன்றவர்களெல்லாம் அவரைத் தேடி வந்து போன விருந்தாளிகள். கவிதைக்கும் சாப்பாட்டுக்கும் அவர் வீட்டில் ஒரே மரியாதை. வந்தவர் இலையில் என்ன தீர்ந்துபோனது என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிற உபசாரம் அது. குற்றாலத்தில் மிகச் சிறந்த சாப்பாடு ஒரு காலத்தில் எந்த ஓட்டலிலும் கிடைக்கவில்லை, ஒரு வீட்டில் கிடைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்று அந்த உபசாரத்தின் மிச்சம் சின்னக் கடைகளில்தான் இருக்கிறது. கல்லாவில் இருக்கிற அண்ணாச்சியே எழுந்து வந்து, “குழம்பு போதுமா, இன்னும் கொஞ்சம் விடட்டா?” என்று கேட்கிற கடைகள். இடம் சின்னது, பெஞ்சு ஆடும், கை கழுவுகிற இடத்தில் வரிசை நிற்கும். ஆனால் சுமை தூக்குகிறவரும் வங்கி மேலாளரும் தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புது ஊரில் நல்ல கடையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி இதுதான்: அன்றாடம் வேலைக்குப் போகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். ஒருநாள் வந்துபோகிற நம்மை ஏமாற்றலாம். தினமும் வருகிறவரை ஏமாற்ற முடியாது.

கடைசியாக ஒரு யோசனை, ஒரு வேண்டுகோள். சனி, ஞாயிறு போகாதீர்கள். செவ்வாயோ புதனோ போனால் அருவியிலும் இடம் இருக்கும், இலையிலும் கவனம் இருக்கும். பார்சல் வாங்குகிறவர்கள் ஒரு தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். கொதிக்கிற சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, சாப்பிட்டுவிட்டுப் பையை எறிந்தால் அது சிற்றாற்றுக்குத்தான் போகும். சிற்றாறு போய்த் தாமிரபரணியில் சேருகிறது. திருநெல்வேலிச் சீமை குடிக்கிற தண்ணீர் அது.