வளரும் பிள்ளைகளின் மனக்கொந்தளிப்பும் பெற்றோராகிய நாமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் ஏறுகிறவர்கள் வழக்கமாகக் கோவில் கட்டிய வரலாற்றையோ, மணிக்கூண்டு எழும்பிய கதையையோ சொல்வார்கள். அவற்றைச் சொல்ல என்னைவிடத் தகுந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். சாமி என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாரே, நீங்க பிள்ளைங்களைப் பத்திப் பேசுங்க. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைங்க வீட்டிலே படுத்துகிற பாடு தாங்கலைன்னு தாய்மார் வந்து அழுகிறாங்க" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் ஆதலால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணத்தை முதலிலேயே கலைத்துவிடுவது நல்லது.

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒருநாள் மாலை பள்ளியிலிருந்து வந்தவள் புத்தகப் பையை வீசியெறிந்துவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து தாழிட்டுக்கொண்டாள். "என்ன திமிர்!" என்று எனக்குக் கோபம் பொங்கியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கி ஆண்ட ஆசிரியன் அல்லவா? திருப்புளியை எடுத்து வந்து அந்தக் கதவின் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டேன். இனி எப்படிச் சாத்துவாய் பார்க்கலாம் என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் அவள் என்னோடு பேசவே இல்லை. காரணம் என்னவென்று கண்டுபிடித்தது ஆசிரியனாகிய நானல்ல. நாலாம் வகுப்புக்குமேல் படிக்காத என் தாயார். அடுக்களையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவர், "ஆயாவுக்குக் கண்ணு தெரியலை, கொஞ்சம் கூட வாயேன்" என்று பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. பாதி மீன் ஆய்ந்து முடிவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகவே இருந்த தோழி அன்றைக்கு இடம் மாறி வேறொருத்தியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். "இதற்கா?" என்றுதான் எனக்கும் தோன்றியது. நல்ல வேளையாக என் தாயார் அப்படிச் சொல்லவில்லை. "அது வலிக்கத்தானே செய்யும், கண்ணு" என்றாராம். அவ்வளவுதான் அவர் சொன்னது. தாழ்ப்பாளை மறுநாளே மாட்டிவிட்டேன். ஆனால் திருகாணி போட்ட துளை பெரிதாகி, அந்தக் கதவு இன்றுவரை சரியாகச் சாத்துவதில்லை.

பெற்றோர்களே, இந்த வயதில் பிள்ளையின் உடலில் நடப்பது நமக்குத் தெரிகிறது. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, பெண்பிள்ளை வளர்ந்து நிற்கிறாள். மூளையில் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பிவிடுகிற பகுதி இந்த வயதில் மிகுந்த விழிப்போடு இருக்கிறது. "பொறு, யோசி" என்று கடிவாளம் பிடிக்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால் உள்ளது. அது முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதையும் தாண்டி இன்னும் சில ஆண்டுகள் ஆகின்றன என்று மருத்துவ அறிஞர் சொல்லுகிறார்கள். குதிரை வந்துவிட்டது, கடிவாளம் இன்னும் வந்து சேரவில்லை. தூக்கம்கூட இந்த வயதில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு பதினொன்றுக்கும் கண் மூட மறுக்கிற பிள்ளையை எல்லா நாளும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. (கைப்பேசியையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். அதற்கு இரவு ஒன்பது மணிக்குமேல் கூடத்து அலமாரியில் இடம் கொடுங்கள். அப்பாவின் கைப்பேசியும் அங்கேயே இருக்கட்டும்.)

அடுத்து, சொற்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழாசிரியன் என்பதால் சற்று நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளிடம் என்னவென்று கேட்டால் "கடுப்பா இருக்கு" என்கிறார்கள். நண்பன் விட்டுப்போனாலும் கடுப்பு. கணக்கில் குறைந்த மதிப்பெண் வந்தாலும் கடுப்பு. அப்பா குடித்துவிட்டு வாசலில் நின்றாலும் அதே கடுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். தொல்காப்பியர் உள்ளத்து உணர்வுகளை எட்டு மெய்ப்பாடுகளாகப் பிரித்தார். அதிலே கோபத்துக்கு வெகுளி என்று பெயர். அதற்கு வேறாக இளிவரல் என்றும் ஒன்றை வைத்தார். தாழ்வுற்றோமே என்று உள்ளம் குன்றிப்போவது அது. அது பிறக்கும் இடங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கு. மென்மை என்றால் பிறர் முன்னே எளியவராய்ப் போய்விடுவது. என் அனுபவத்தில், பிள்ளைகள் கோபம் என்று காட்டுவதில் பெரும்பகுதி வெகுளியே அல்ல, இளிவரல்தான். வகுப்பிலே எல்லாரும் சிரித்தார்கள், கட்டணம் கட்டவில்லை என்று எழுந்து நிற்க வைத்தார்கள், தங்கச்சியோடு ஒப்பிட்டார்கள். அவமானத்தை வெளியே காட்ட முடியாது, கோபத்தைக் காட்டலாம். ஆகவே பிள்ளை கோபத்தைக் காட்டுகிறான், நாமும் கோபத்துக்கே பதில் கொடுக்கிறோம். உள்ளே இருந்த புண்ணை ஒருவரும் பார்ப்பதில்லை.

உணர்வுக்குச் சரியான பெயரைச் சொன்னாலே அதன் வேகம் தணிகிறது என்பதை இன்று மூளையைப் படமெடுத்துப் பார்த்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க நாட்டில் லீபர்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அது. கோபமான முகம், அஞ்சிய முகம் ஆகிய படங்களைப் பார்த்தவர்கள், அந்த உணர்வுக்கு ஒரு சொல் கொடுத்தபோது மூளையில் அச்சத்தின் பகுதி அடங்கியது. பிள்ளையிடம் "கோபமா, இல்லை அசிங்கமாப் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். தவறாகக் கேட்டாலும் பாதகமில்லை. "அதில்லைப்பா, பயமா இருக்கு" என்று பிள்ளையே திருத்தும். அதுவே பேச்சுக்கு வழி.

எப்போது கேட்பது? எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேரே, "சொல், என்ன பிரச்சினை?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது, அது காவல் நிலையம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது சொல்லும். துணி மடிக்கும்போது, கடற்கரைச் சாலையில் பக்கத்தில் நடக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது சொல்லும். கை வேலையில் இருக்க வேண்டும். கண் வேறெங்கோ இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று சில சங்கடங்கள் உண்டு, அவற்றையும் மறைக்காமல் பேசுவோம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. தகப்பனார் பிரான்சில், சில வேளை தாயாரும் அங்கே; பிள்ளை இங்கே தாத்தா ஆயாவிடம். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "நல்லாப் படிக்கிறியா?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் ஏக்கத்துக்கு இடம் எங்கே? மற்றொன்று, குடி. மது மலிவாகக் கிடைக்கும் ஊர் என்று வெளியூர்க்காரர் நம்மைக் கேலி செய்கிறார்கள். சாயங்காலமானால் தகப்பனின் காலடியோசையை வைத்தே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று கணிக்கிற பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் போய் உணர்வை அடக்கப் பழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே முதலில் பழக வேண்டியவர் தகப்பன்.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு இத்தனை பேர் தற்கொலை என்று பார்த்தால், இந்தியாவிலேயே முதலிடத்தில் நின்றது நம் புதுச்சேரி. நாட்டின் சராசரி 10.6, நம்முடையது 43.2. இது எல்லா வயதினருக்குமான கணக்கு. ஆயினும் இந்த ஊரிலேதான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அக்கம்பக்கத்தில் நடப்பது அவர்கள் காதில் விழுகிறது.

இதிலே நான் கண்ட ஓர் உண்மை உண்டு. அந்த எண்ணம் இளையோரிடம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து அலைபோலவே தணிகிறது. உச்சத்தில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பிள்ளை தனியாகக் கடக்கக் கூடாது. அவகாசமும் துணையும் வேண்டும். தேர்வு முடிவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் செய்தித்தாளில் எண் வரவில்லை என்றால் ஒரு வருடம் போயிற்று என்று பொருள். செப்டம்பர்–அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் கல்லூரிச் சேர்க்கையெல்லாம் முடிந்துவிடும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது ஆயுள் மாதிரி. சென்னையில் 1986-இல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். 2000-களின் தொடக்க ஆண்டுகளில், தோற்ற பாடத்தைச் சில வாரங்களிலேயே மறுபடி எழுதி அந்த ஆண்டே மேலே படிக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது. அந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய நம் பிள்ளைகளுக்கும் அது பயன்பட்டது. 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கிற வழக்கத்தையும் தமிழ்நாடு நிறுத்தியது. அரசாங்கமே பிள்ளைக்கு அவகாசம் கொடுத்துவிட்டது. வீட்டில் நாம்தான் இன்னும் கொடுக்கவில்லை. முடிவு வந்த ஐந்தாம் நிமிடத்தில் பெரியப்பா தொலைபேசியில் "எவ்வளவு?" என்கிறார்.

எலியா இறைவாக்கினரை நினைத்துக்கொள்ளுங்கள். கார்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்றவர், அரசி ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு சூரைச் செடியின் கீழே உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்டார். வானதூதர் வந்து புத்திமதி சொன்னாரா? விசுவாசம் குறைந்தவனே என்று கடிந்தாரா? இல்லை. தொட்டு எழுப்பினார், சூடான அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், பயணம் நீண்டது என்பதால். நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்கு வந்த பிறகே ஆண்டவர் அவரிடம், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார். எலியா இரண்டு முறையும் அதே குறையைத்தான் சொன்னார். ஆண்டவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். நாம் நாற்பது நிமிடம் பொறுக்கிறோமா?

சாதாரண வருத்தம் எது, நோய் எது என்று தாய்மார் கேட்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டான், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்கிறான், ஆசையாய் வைத்திருந்த பொருள்களை எடுத்து மற்றவர்க்குக் கொடுக்கிறான் என்றால் காத்திருக்காதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா, கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம், அப்படி நடப்பதில்லை. மாறாக, பிள்ளைக்குப் பாரம் இறங்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. மந்திரிக்கப் போவதும், ஊர் என்ன சொல்லும் என்று மறைப்பதும் நாளைக் கடத்தும். ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே வண்டியில் ஏறுங்கள்.

வெட்கப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அது இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. நாட்டின் சட்டமும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக, முயன்று பிழைத்தவரைத் தண்டிக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி உதவச் சொல்கிறது. திருச்சபையும் அரசும் இரங்கிய பிறகு, நாம் மட்டும் அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிறோம்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி உதவி இருக்கிறது, எண் 14416. இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வருகிற மே மாதம் தேர்வு முடிவு வரும் நாட்களில் பங்கு மண்டபத்தைக் காலையிலிருந்து திறந்து வைக்கச் சாமி ஒப்புக்கொண்டிருக்கிறார். மரியாயின் சேனையார் தேநீர் தருவார்கள், இளைஞர் மன்றத்தார் கேரம் பலகையைக் கொண்டுவருவார்கள். யாரும் யாரிடமும் மதிப்பெண் கேட்கக் கூடாது என்பது ஒன்றே விதி. பெரியப்பாக்களுக்கும் அது பொருந்தும். நானும் அங்கே இருப்பேன்.