பந்தயம் சட்டமானால் குடும்பம் என்னவாகும்?

(நமது அறக்கட்டளையின் சமூக நலக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





சூதாட்டம் ஹராம் என்பதை இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் அது தெரியும். நான் பேச வந்தது அதற்கு அடுத்த கேள்வி. "அரசாங்கமே விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்து வரி போட்டால் கள்ளத்தனம் ஒழியும், கஜானாவுக்குப் பணம் வரும், விரும்புகிறவன் ஆடிவிட்டுப் போகட்டும், இதில் என்ன கெட்டுப்போகிறது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஹராம் என்று ஒரு சொல்லில் பதில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அனுமதித்த ஊர்களில் என்ன நடந்தது என்பதை அவர்கள் முன் வைக்க வேண்டும்.

சூரா பகராவில் மதுவையும் சூதையும் பற்றி வரும் இடத்தில், அவற்றில் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பது மறைக்கப்படவில்லை. ஆனால் கேடு பயனைவிடப் பெரிது என்று நிறுத்துச் சொல்லப்படுகிறது. நாமும் அதே தராசைக் கையில் எடுப்போம்.

வாதம் புதியதல்ல

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த வாதம் பழக்கமானது. 1968இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள். ஆனால் அன்றாடக் கூலியை லாட்டரிக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களையும் நாம் பார்த்தோம். 35 ஆண்டுகள் கழித்து, 2003இல் தமிழ்நாடு லாட்டரியையே தடை செய்தது.

கிரிக்கெட் பந்தயத்துக்கும் இதே பேச்சு எழுந்தது. 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, கட்டுப்பாடுகளோடு பந்தயத்தைச் சட்டமாக்கலாம் என்று 2016இல் பரிந்துரைத்தது. 2018இல் சட்ட ஆணையம், முழுமையாகத் தடுக்க முடியாவிட்டால் ஒழுங்குபடுத்துவதே வழி என்ற கருத்தைத் தன் 276ஆவது அறிக்கையில் சொன்னது. இவர்கள் சூதாட்டத்தின் நண்பர்கள் அல்லர். மறைவில் நடப்பது வெளிச்சத்துக்கு வந்தால் கட்டுக்குள் இருக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்ப்போம்.

பிரிட்டன் கண்ட பாடம்

பிரிட்டனில் தெருவோர ரகசியப் பந்தயத்தை ஒழிக்க 1960இல் சட்டம் வந்தது. 1961 முதல் பந்தயக் கடைகள் முறையாகத் திறக்கப்பட்டன. ஆட்களைத் தூண்டாமல், ஏற்கெனவே இருக்கும் தேவைக்கு மட்டும் இடம் கொடுப்பதுதான் நோக்கம். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தபோது, தொலைக்காட்சியில் பந்தய விளம்பரத்துக்கும் கதவு திறந்தது. பிறகு கைபேசி வந்தது. கால்பந்து வீரர்களின் சட்டையில் பந்தய நிறுவனங்களின் பெயர் ஏறியது. அனுமதியாகத் தொடங்கியது அழைப்பாக மாறிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த அரசு கதவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறது. பந்தயக் கடைகளில் இருந்த இயந்திரங்களில் ஒரு தடவைக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்ததை 2019இல் 2 பவுண்டாகக் குறைத்தது. 2020இல் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டத் தடை போட்டது. சூதாட்ட நோய்க்கு அரசு மருத்துவத் துறையே சிகிச்சை மையங்கள் திறந்தது. 2019இல் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் தனி மையம் திறக்க வேண்டிய நிலை வந்தது. சூதாட்டத்துக்குச் சிகிச்சை பெறும் சிறுவன் என்ற சொல்லை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அந்த நாட்டின் பிரபுக்கள் சபைக் குழு 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சூதாட்டத் தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், வெறும் 5 சதவீதம் பேரிடமிருந்து வருகிறது என்றது. யார் அந்த 5 சதவீதம்? ஏற்கெனவே அடிமையானவர்களும், அந்த விளிம்பில் நிற்பவர்களும். ஜவுளிக் கடைக்காரர் வாடிக்கையாளர் நன்றாக வாழ்ந்தால் லாபம் காண்கிறார். இந்தத் தொழிலிலோ வாடிக்கையாளர் நோயாளியானால்தான் பெரிய லாபம். ஆகவே அடிமைத்தனத்தைத் தொழிலின் தற்செயலான பக்கவிளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. வருமானத்தின் பெரும்பகுதியே அங்கிருந்துதான் வருகிறது.

அமெரிக்கா கண்ட பாடம்

அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்துவந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2018 மே மாதம் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சில ஆண்டுகளிலேயே 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அனுமதி கொடுத்தன. ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு தேதியில் அனுமதித்ததால், முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

2024இல் வந்த ஓர் ஆய்வு, கைபேசி வழிப் பந்தயம் அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் திவாலாகும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடியதைக் கண்டது. வசூல் ஏஜெண்டுகளிடம் போகும் கடனும் கூடியது. இன்னோர் ஆய்வில், குடும்பங்கள் முதலீடாகப் போடும் பணம் சுமார் 14 சதவீதம் குறைந்திருந்தது. சினிமா, ஹோட்டல் செலவைக் குறைத்து அந்தப் பணத்தில் ஆடவில்லை. பிள்ளைகளுக்காக எடுத்து வைக்க வேண்டிய பணத்தில் ஆடியிருக்கிறார்கள். மூன்றாவது ஆய்வு தாய்மார்கள் கேட்க வேண்டியது. சொந்த ஊர் அணி எதிர்பாராமல் தோற்கும் நாட்களில் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, பந்தயம் சட்டமாக இருக்கும் மாநிலங்களில் கூடுதலாகப் பதிவாகிறது என்கிறது அது. மைதானத்தில் தோற்பது அணி. அடி வாங்குவது வீட்டுப் பெண்.

கள்ளச் சந்தையாவது ஒழிந்ததா? வெளிநாட்டுத் தளங்கள் அங்கே இன்னும் இயங்குகின்றன. விளையாட்டு சுத்தமானதா? 2024இல் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் பந்தயக்காரர்களுக்கு ரகசியத் தகவல் கொடுத்ததற்காக வாழ்நாள் தடை பெற்றார்.

நியாயமாகப் பேச வேண்டும். சட்டமாக்கியதால் ஒரு நன்மை உண்டு: கேடு எவ்வளவு என்று அளக்க முடிந்தது, சிகிச்சைக்கு வழி பிறந்தது. வரியும் வந்தது. ஆனால் அந்த வரி எங்கிருந்து வந்தது? கடனில் விழுந்தவனின் சட்டைப் பையிலிருந்து.

இளைஞர்களுக்கு ஒரு கணக்கு

"எனக்கு கிரிக்கெட் நன்றாகத் தெரியும், நான் ஜெயிப்பேன்" என்கிறான் தம்பி. வா, கணக்குப் போடுவோம். இரண்டு அணிகளும் சமபலம். எந்த அணி மீது 100 ரூபாய் கட்டினாலும், ஜெயித்தால் 190 ரூபாய் தருவார்கள். ஒருவன் இந்த அணி மீது 100, இன்னொருவன் அந்த அணி மீது 100 கட்டுகிறான். உள்ளே வந்தது 200. வெளியே போனது 190. யார் ஜெயித்தாலும் 10 ரூபாய் நடத்துகிறவனுக்கு. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக 5 சதவீதம் கரைகிறது. 10,000 ரூபாயை எடுத்து, கையில் இருப்பதையெல்லாம் திரும்பத் திரும்பக் கட்டினால், 20 சுற்றில் சராசரிக் கணக்குப்படி மிஞ்சுவது 3,600 ரூபாய்க்கும் குறைவு. ஒரு டி20 ஆட்டத்தில் 240 பந்துகள். பந்துக்குப் பந்து பந்தயம் என்று ஏன் அழைக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

மீறி ஒருவன் உண்மையிலேயே திறமையால் ஜெயித்துக்கொண்டே இருந்தால்? பிரிட்டனில் அப்படிப்பட்டவர்களின் பந்தயத் தொகைக்கு நிறுவனங்களே வரம்பு போட்டுவிடுகின்றன. நிறையத் தோற்கிறவனுக்கோ விஐபி மரியாதையும் இலவச டிக்கெட்டும் கிடைக்கின்றன.

நம் நாட்டில் இன்றைய நிலை

2023 அக்டோபர் முதல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு, கட்டும் தொகை முழுவதின் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. வரி வாங்கியும் கேடு நிற்கவில்லை. இரண்டு ஆண்டு நிறைவதற்குள், 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம் என்கிறது அந்தச் சட்டம். ஆடியவர்களைத் தண்டிக்கவில்லை. இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 நிறுவனத்தின் பெயரும் அதோடு இறங்கியது.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? இல்லை. வெளிநாட்டுச் செயலிகளின் லிங்க் டெலிகிராமில் வருகிறது. இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. "உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று மாணவர்களிடம் கேட்கிறார்கள். சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் அந்தக் கணக்கு வழியாகப் போகும். கணக்கு முடக்கப்படும், போலீஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ள பிள்ளையைத்தான். தாய்மார்கள் இதைப் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் கடையை மூடும். கடனில் கிடக்கிறவனைத் தூக்கிவிடுவது நம் வேலை. நம்மிடம் உள்ள பெரிய தடை வெட்கம். ஹராமான காரியம் என்பதாலேயே அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். "நம் மஹல்லாவில் அப்படி யாரும் இல்லை" என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம். அந்த மௌனத்தில்தான் கடன் வளர்கிறது. சிலர் உயிரையே விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது, அடையாளம் காணுங்கள். வீட்டு நகை சொல்லாமல் அடகுக்குப் போகிறதா? கடன் செயலிகளிலிருந்து உறவினர்களுக்கு அழைப்பு வருகிறதா? மேட்ச் நடக்கும் இரவுகளில் பிள்ளை தூங்காமல் போனோடு தனியே இருக்கிறானா? கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள்.

இரண்டாவது, கடனை ரகசியமாக அடைத்துவிடாதீர்கள். உம்மா வளையலை விற்றுக் கொடுப்பார். அவன் பாதிக் கடனைத்தான் சொல்லியிருப்பான். கையில் பணம் வந்ததும் இழந்ததைப் பிடிக்க மறுபடி ஆடுவான். முழுக் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள். சம்பளமும் வங்கிக் கணக்கும் சில காலம் நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். பணத்தை அவன் கையில் கொடுக்காமல் கடன் கொடுத்தவரிடமே நேரில் செலுத்துங்கள்.

மூன்றாவது, ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். தவ்பா செய்து திருந்தி நிற்கும் ஒருவருக்கு அதிலிருந்து உதவுவது பற்றி நம் ஆலிம்கள் வழிகாட்டட்டும். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடனாகவும் தரலாம். ஆனால் உதவி கேட்டு வந்தவனின் பெயர் பள்ளிவாசல் வாசலைத் தாண்டக் கூடாது. பெயர் ஒருமுறை வெளியே போனால், அடுத்தவன் வர மாட்டான்.

நான்காவது, இது மன நோயாகவும் மாறும். மருத்துவரிடம் போவதில் இழுக்கு இல்லை. 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். பண மோசடி என்றால் உடனே 1930.

ஐந்தாவது, இஷாவுக்குப் பிறகு நம் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யோசியுங்கள். ஆட்டம் பார்ப்பதும் ஆடுவதும் தவறல்ல. மைதானம் கொடுங்கள், பந்து கொடுங்கள், கூட நின்று கைதட்டுங்கள். வேலையில்லாத தனிமையில்தான் அந்தச் செயலி கதவைத் தட்டுகிறது.

ஹலாலான ஒரு ரூபாயில் இருக்கும் பரக்கத், பந்தயத்தில் வரும் லட்சத்தில் இல்லை. நம் குடும்பங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக. விழுந்தவர்கள் எழுந்து வர நம்மைத் துணையாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.