காட்டுக்குள் பேசிக்கொண்டே போங்கள்
(ஊர் திரும்பும் குடும்பங்களுக்காக இரத்தோட்டையில் நடந்த கூட்டத்தில் பேசியது)

மிதிவெடி பற்றி ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். கூரைத் தகரம், உலர் உணவு பற்றி அடுத்தவர் பேசுவார். எனக்குக் கிடைத்தது கரடி. சிரிக்காதீர்கள், அம்மா.

உங்களில் பலருடைய பெற்றோர் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்கள். யுத்தம் உங்களை மறுபடியும் இங்கே உறவினர் லயங்களுக்குக் கொண்டுவந்தது. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டுப்பன்றி தெரியும். நக்கிள்ஸ் மலைச் சிறுத்தையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பார்கள். கரடியைத் தெரியாது. அது உலர் வலயத்துக் காட்டு மிருகம். இதே மாத்தளை மாவட்டத்தில் என்றால் வஸ்கமுவப் பக்கம் இறங்க வேண்டும். வன்னிக் காட்டிலோ அது பழைய குடியிருப்பாளர்.

நீங்கள் இல்லாத வருடங்களில் வளவுகள் பற்றையாகிவிட்டன, புற்றுகள் எழும்பிவிட்டன. கறையான், தேன், பழம், இவைதான் கரடியின் சாப்பாடு. மே, ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும்போது அது மரத்தடியிலும் நிற்கும், மரத்தின் மேலும் இருக்கும். அதே பழத்துக்குத்தான் உங்கள் பிள்ளைகளும் ஓடுவார்கள்.

கரடி மனிதனைத் தின்ன வருவதில்லை. அதற்குப் பார்வை குறைவு. புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது ஆள் வருவதும் கேட்காது. திடீரென்று பக்கத்தில் ஆளைக் கண்டால் பயத்தில் பாயும். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். அதன் நகம் விரல் நீளம். முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும்.

யுத்த காலத்தில் காட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கப் பழகியவர்கள் நீங்கள். குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு நடந்த தாய்மாரும் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இப்போது விடச் சொல்கிறேன். விறகுக்குத் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பேராகப் போங்கள், பேசுங்கள், பாடுங்கள், தடியால் மரத்தைத் தட்டுங்கள். சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போகும். விடியற்காலையும் மாலை மங்கலும் வேண்டாம். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். கரடியைச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடிவரும்.

தூரத்தில் கண்டால் கல் எறியாதீர்கள். வந்த பாதையிலேயே மெதுவாகப் பின்வாங்குங்கள். பயத்தில் பக்கத்துப் பற்றைக்குள் இறங்கிவிடாதீர்கள், அங்கே மிதிவெடி அகற்றியிருக்க மாட்டார்கள். ஓடவும் வேண்டாம், அது நம்மைவிட வேகம். மரம் ஏறினால் அதுவும் ஏறும். பின்னங்காலில் எழுந்து நின்றால் மணம் பிடிக்கிறது என்று அர்த்தம், அசையாமல் நில்லுங்கள்.

பாய்ந்து விழுத்திவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோர்த்து, அது போகும்வரை அப்படியே கிடக்க வேண்டும். கூட வந்தவர்கள் சேர்ந்து கத்துங்கள். தேன் எடுக்கப் போகிறவர்கள் கோடரியை நம்புவார்கள். அவர்களோடு நான் வாதாடவில்லை. ஆனால் பழம் பொறுக்கும் பிள்ளையின் கையில் கோடரி இராது.

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கோப்பித்தூள் அப்ப வேண்டாம். சின்னக் கீறல் என்றாலும் ஏற்பு ஊசியும் விசர்நோய்த் தடுப்பூசியும் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

பின்வரிசையில் ஐயா கை தூக்குகிறார். வவுனிக்குளத்துப் பக்கம் தேன் எடுத்தவர் என்று கேள்விப்பட்டேன். முன்னுக்கு வாங்க ஐயா, பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள்.