பானை உறிக்காரன்

மதுரைப் பெருமக்களே, பத்து நிமிஷம்தான் என்று தலைவர் சீட்டு நீட்டிவிட்டார். வைகையில் தண்ணீர் விட்ட மாதிரி, வரும்போதே பிடித்துக்கொள்ளுங்கள்! (கைதட்டல்)

ஏதென்ஸ் போய்வந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். அக்ரோபோலிஸ் ஏறினேன். அழகர்மலை ஏறிய காலுக்கு அது ஒரு மேடு! சந்தையில் மிளகு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் "நே, நே" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை 'நஹி'. இல்லை என்கிறார் போல என்று நடையைக் கட்டினேன். மனுஷன் பொட்டலத்தோடு பின்னாலேயே ஓடி வருகிறார்! அவர்கள் பாஷையில் 'நே' என்றால் ஆமாம். தெரிந்த ஒரு வார்த்தையும் என்னைக் கவிழ்த்துவிட்டது! (சிரிப்பு) மிளகை அங்கே 'பிப்பேரி' என்கிறார்கள். நம் திப்பிலிக்குச் சொந்தக்காரச் சொல்.

ஆனால் என் ஆள் வேறொருவன். எகிப்தின் செங்கடல் கரை. கிரேக்கர்கள் மியோஸ் ஹோர்மோஸ் என்று அழைத்த துறைமுகம். அங்கே மண்ணுக்குள் ஒரு பானை ஓடு, தமிழி எழுத்து: 'பானை ஒறி'. உறியில் தொங்கும் பானை என்று ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். 2000 வருஷம் ஆகிறதய்யா! தன் பெயரை எழுதவில்லை, ராஜா பெயரை எழுதவில்லை. பானையின் பெயரை, அதுவும் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறான்!

கிரேக்கர்களும் நம்மைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒருவரான மெகஸ்தனிஸ் தூதராக இருந்தது பாடலிபுத்திரத்தில். அங்கிருந்தே கேள்விப்பட்டு எழுதினார்: தெற்கே பாண்டைய நாட்டை ஒரு பெண் ஆண்டாள், யானை மட்டும் 500 என்று. மீனாட்சி பட்டாபிஷேகம் பார்க்கிற ஊருக்கு இது புதுச் செய்தியா?

போன வாரம் ஒரு மேடையில் ஒருவர், சாக்ரடீஸ் நம்ம பரமக்குடிப் பக்கம் என்றாராம்! பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். விட்டால் அரிஸ்டாட்டிலுக்கு அரசரடியில் வாடகைக்கு வீடு பிடித்துவிடுவார்! (பலத்த கைதட்டல்) கையில் பானை ஓடு இருக்கும்போது கப்சா எதற்கய்யா?

வைகை கடலைத் தொடுகிற இடத்தில் அழகன்குளம். யவனர் சாடி உடைந்து கிடந்த ஊர். நம் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிறோமே, அங்கே எத்தனை பஸ் போயிருக்கிறது? என்னை ஏதென்ஸுக்குக் கூட்டிப்போன டூர்காரரும் அப்படித்தான். மியூசியத்துக்கு முக்கால் மணி, நகைக்கடைக்கு இரண்டு மணி!

இதோ, இரண்டாவது சீட்டு வந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், தலைவரே. அந்தப் பானைக்குள்ளே என்னதான் வைத்திருப்பான்? ஊறுகாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.